ஆய்வுக்கு ரத்தமும் திசுவும் கேட்கும் படிவம்: "எதிர்கால ஆய்வு" என்ற வரியை எப்படி எழுதுவது?

வெண்தாள் (கேள்வி):
அறுவை சிகிச்சையில் அகற்றும் திசுவில் மிஞ்சுவதையும், கூடவே 10 மில்லி ரத்தத்தையும் உயிரி வங்கியில் (ஆய்வுக்காக மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடம்) வைக்கச் சம்மதப் படிவம் எழுத வேண்டும். ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள்கூட "எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்" என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஊசி அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. இந்த வரியை எப்படி மாற்றுவது? "உங்கள் அடையாளம் ஒருபோதும் வெளிவராது" என்று சேர்த்தால் தயக்கம் குறையுமா?

மைனஸ்80:
தயவுசெய்து சேர்க்காதீர்கள். அது காப்பாற்ற முடியாத வாக்கு. பெயர் நீக்கிப் பொதுவில் வைத்திருந்த ஆண்களின் மரபணுத் தரவிலிருந்து தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமின் குறிகளை எடுத்து, வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2013-இல் ஒரு குழு காட்டியது. வயதும் வசிக்கும் மாநிலமும் சேர்ந்ததும் சிலர் யார் என்பதே தெரிந்துவிட்டது.

முதலில் நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: மாதிரிக்குக் குறியீடு மட்டும் போடப் போகிறீர்களா, அடையாளத்தை அடியோடு அறுக்கப் போகிறீர்களா? குறியீடு என்றால் பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒருவரிடம் பூட்டி இருக்கும். கொடுத்தவர் நாளை "வேண்டாம்" என்றால் அவருடைய மாதிரி இருக்கும் குழாயைத் தேடி எடுக்கலாம். பட்டியலை அழித்துவிட்டால் ரகசியம் கூடும். ஆனால் எந்தக் குழாய் அவருடையது என்று யாருக்கும் தெரியாது, திரும்பப் பெறவும் வழியில்லை. பல படிவங்கள் இரண்டையும் ஒன்றாக வாக்களிக்கின்றன. கவனமாகப் படிப்பவருக்கு அந்த முரண் உடனே தெரியும், அதோடு நம்பிக்கையும் போய்விடும். இப்படி எழுதலாம்: "பெயர் எடுக்கப்பட்டு எண் போடப்படும். இணைப்புப் பட்டியல் இன்னாரிடம் மட்டும் இருக்கும். அடையாளம் தெரியும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது."

நெறிவழி:
"எதிர்கால ஆய்வு" பற்றி. மக்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் ஹவசுப்பாய் பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு, உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் பிள்ளை பெறுவது), முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுகளுக்கும் போனது. கடைசிக் கேள்வி, தங்கள் இனம் எங்கே தோன்றியது என்ற அவர்களுடைய நம்பிக்கையையே தொட்டது. 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பு 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச மாதிரிகளையும் திருப்பித் தந்தது. "எதற்கும்" என்று எழுதினால் இந்த அச்சத்துக்குப் பதில் இல்லை. எதற்கு இல்லை என்பதை எழுதுங்கள்: காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேலை கொடுப்பவருக்கும் தரமாட்டோம், ஒவ்வொரு புது ஆய்வையும் நெறிமுறைக் குழு பார்த்த பிறகே குழாய் வெளியே போகும். காவல்துறையைப் பற்றி எழுதுமுன் நீதிமன்ற ஆணை வந்தால் மறுக்கச் சட்டம் இடம் தருகிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். இடமில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பணத்தையும் மறைக்காதீர்கள். ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் புற்றுநோயாளியிடம் 1951-இல் கேட்காமல் எடுத்த செல்கள் உலகமெங்கும் விற்பனையான கதை பலருக்குத் தெரியும். "இதிலிருந்து மருந்து வந்தால் நிறுவனம் லாபம் பார்க்கலாம், உங்களுக்குப் பங்கு வராது" என்பதுதான் உண்மை நிலை என்றால் அப்படியே எழுதுங்கள்.

ஊதாமூடி:
சோதனைக்கூடப் பக்கத்திலிருந்து மூன்று விஷயம். 10 மில்லி என்றால் இரண்டு தேக்கரண்டி. பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் ஓடுகிறது. இதைச் சொன்னாலே சிலருக்குத் தெளிவாகும். திசு விஷயத்தில் பலரும் கேட்கத் தயங்கும் சந்தேகம் ஒன்று உண்டு: ஆய்வுக்காகக் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்களோ? நோயறிதலுக்கு வேண்டியதை நோயியல் மருத்துவர் எடுத்த பிறகு மிஞ்சுவதே வங்கிக்கு வரும் என்று தனி வரியாகப் போடுங்கள்.

வேண்டாம் என்று சொல்பவருக்கு உண்மையில் எது திரும்பும்? உறைபெட்டியில் இருக்கும் குழாய்களை அழிக்கலாம். ஏற்கெனவே சோதித்து வெளியான முடிவையும், பிற குழுக்களுக்கு அனுப்பிய தரவையும் திரும்ப எடுக்க முடியாது. கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள்.

கடைசியாக, வாங்கியதை வீணாக்காதீர்கள். எடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உள்ள குழாய்) ரத்தம் எடுத்தவுடன் அதை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும், கவிழ்க்காவிட்டால் ரத்தம் கட்டும். பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) சீக்கிரம் பிரித்து அரை மில்லிக் குழாய்களாக வையுங்கள். ஒரே பெரிய குழாயாக வைத்தால் ஒவ்வொரு ஆய்வுக்கும் முழுவதையும் உருக்க வேண்டிவரும், புரதங்கள் சிதையும். படிவத்தில் "மரபணு ஆய்வு வேண்டாம்" என்று ஒரு கட்டம் வைத்தால், அது குழாயின் பட்டைக்குறிப் பதிவிலும் இருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் இருந்தால் குழாயை எடுப்பவருக்குத் தெரியாது. மூன்று நான்கு கட்டங்களுக்கு மேல் வேண்டாம்.

வெண்தாள்:
மிக்க நன்றி. குழந்தைகளின் மாதிரிக்கு இதே படிவம் போதுமா? படிவத்தை எப்போது நீட்டுவது நல்லது?

நெறிவழி:
போதாது. பெற்றோர் சம்மதிப்பார்கள், விவரம் தெரிந்த குழந்தையிடமும் கேட்க வேண்டும். சட்டப்படி வயது வந்ததும் அவரிடமே மறுபடி கேட்கும் வழி வேண்டும். அதற்குத் தொடர்பு விவரமும் இணைப்புப் பட்டியலும் அதுவரை இருக்க வேண்டும், ஆகவே இங்கே அடையாளத்தை அறுக்கும் முறை சரிவராது. நேரம்: அறுவை அன்று காலையில் வேண்டவே வேண்டாம். பயத்தில் இருப்பவர் எதிலும் கையெழுத்துப் போடுவார். முந்தைய சந்திப்பிலேயே படிவத்தைக் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். கேட்பவர் அறுவை செய்யும் மருத்துவராக இல்லாமல் இருப்பது நல்லது, அவரிடம் மறுக்க நோயாளிக்கு வாய் வராது.