தாய்ப்பூனைக்குப் பால் கட்டிவிட்டது, மூன்று நாள் குட்டிகளுக்கு என்ன கொடுப்பது?

வெள்ளவத்தையிலிருந்து, இரவு 9.40
எங்கள் மாடிப்படிக்குக் கீழே பூனை மூன்று குட்டி போட்டு இன்றோடு மூன்று நாள். தாய்க்கு இரண்டு காம்புகள் கல்லுப் போல இறுகி, தொட்டாலே சுடுகிறது. குட்டிகள் வாய் வைத்தவுடன் எழும்பிப் போய்விடுகிறாள். பின்னேரம் வீட்டிலிருந்த பசும்பால்மாவைக் கரைத்துச் சிரிஞ்சால் கொடுத்தேன். இரண்டுக்கு மஞ்சளாக வயிற்றால் போகிறது. சின்னது வாயே திறக்கவில்லை. கொஞ்சம் ஊற்றினேன், மூக்கால் வந்துவிட்டது. யாராவது கெதியாகச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, 9.52
தங்கச்சி, முதலில் பாலை நிறுத்துங்கள். சின்னதன் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். குளிர்கிறதா?

வெள்ளவத்தை, 9.55
ஓம் அக்கா, குளிராகத்தான் இருக்கிறது. டைல்ஸ் தரை. ஃபேனும் ஓடுகிறது.

கொட்டாஞ்சேனை, 10.03
அப்போ முதல் வேலை சூடு, பால் பிறகு. கொழும்பு வெக்கையில் குட்டிக்குக் குளிருமா என்று நினைக்காதீர்கள். முதல் வாரத்தில் அதற்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்திருக்கத் தெரியாது, பெட்டிக்குள் 30 பாகை அளவு வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பால் செமிக்காது. அது விழுங்கவும் மாட்டாது, ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். கார்ட்போட் பெட்டியில் பழைய துவாயை விரித்து, சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் மற்றப் பக்கம் ஊர்ந்து போகும். சின்னதை உங்கள் நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள், அவசரப்படாமல். விரலைச் சூப்பத் தொடங்கினால் கொடுக்கலாம்.

பசும்பால்மா இனி வேண்டாம், அதிலுள்ள லக்டோஸ்தான் வயிற்றைக் கலக்குகிறது. பூனைக்குட்டிப் பால்மா என்றே கேட்டு வாங்குங்கள். இன்றிரவு கிடைக்காவிட்டால் பார்மசியில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) வாங்கி, பைக்கற்றில் எழுதியிருக்கிறபடி கரைத்து, இளஞ்சூட்டில் துளித்துளியாக. அதில் சத்து இல்லை, விடியும்வரைக்கும்தான்.

தெஹிவளையிலிருந்து, 10.20
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கவே கூடாது. வயிறு கீழே, தலை சற்று நிமிர்ந்து, தாயிடம் குடிக்கிற மாதிரியே. 100 கிராம் குட்டிக்கு ஒரு தடவை 3, 4 மில்லிதான், இரண்டு மூன்று மணிக்கொருதரம், இரவிலும். ஒவ்வொரு தடவையும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தைத் தடவுங்கள். தாய் நக்காவிட்டால் அதுகளுக்குத் தானாக மூத்திரம் போகாது.

மூக்கால் பால் வந்த குட்டியையும் தாயையும் காலையிலேயே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தாய்க்கு மடியில் கிருமி போலிருக்கிறது. நோவுக்கென்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

வெள்ளவத்தை, மறுநாள் இரவு 8.15
அக்கா, அண்ணா, மூன்றும் இருக்கின்றன. இரவு ஒன்றரைக்குத்தான் சின்னது என் விரலைச் சூப்பியது, அழுதுவிட்டேன். தாய்க்கு மடி அழற்சிதான், மருந்து தொடங்கியாயிற்று. இளஞ்சூட்டுத் துணியால் ஒற்றவும் டொக்டர் சொன்னார். சின்னதன் நெஞ்சில் சத்தம் இல்லையாம். காலையில் சமையல் தராசில் 104, 98, 81. இப்போது 109, 102, 82. சின்னதுக்கு ஒரு கிராம்தான் கூடியிருக்கிறது, பயமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை, 8.30
ஒரு நாளைக்கு 10 கிராம் அளவு ஏற வேண்டும். ஆனால் நேற்று அது இருந்த நிலைக்கு, குறையாமல் நிற்பதே பெரிது. சின்னதுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து, இரண்டு மணிக்கொருதரமாக்குங்கள். நாளைக்கு எடை குறைந்தால் காத்திருக்காமல் டொக்டரிடம்.

வெள்ளவத்தை, 8.34
சரி அக்கா. போத்தல் தண்ணியை மாற்றிவிட்டேன். அடுத்த பால் ஒன்பதரைக்கு.