ஃபைபர் படகின் உட்புறத்தில் டிரான்ஸ்டியூசர் ஒட்டுவது குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் தேவகோட்டையில் இருக்கிறேன். தொண்டியில் மீன்பிடிக்கும் என் அத்தானின் ஃபைபர் படகுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு கடலின் ஆழத்தைத் திரையில் காட்டும் கருவி) ஒன்று வாங்கியுள்ளோம். அடிப்பகுதியில் துளையிட அவருக்குச் சற்றும் மனமில்லாததால், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் அதன் டிரான்ஸ்டியூசரைப் படகின் உள்ளேயே ஒட்டிவிட எண்ணுகிறோம்.

கெட்டியான ஃபைபர் வழியே ஒலி கடக்கும் என்பதும், நடுவில் மரமோ நுரைப்பலகையோ வைத்த இடத்தில் எதிரொலி சரியாகக் கிடைக்காது என்பதும், ஒட்டும் எப்பாக்ஸிப் பசையில் காற்றுக்குமிழி தங்கினால் திரையில் படம் கெட்டுவிடும் என்பதும் தெரியும். ஆகவே சென்ற ஞாயிறன்று, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து, அடிப்பகுதியில் இடம் இடமாக அழுத்திப் பார்த்தோம். இன்ஜினுக்கு முன்னால் ஓரிடத்தில் கடல்தரை அழுத்தமான கோடாகத் தெரிந்தது. ஒரு சாண் தள்ளி வைத்ததும் கோடு மறைந்துவிட்டது. பாக் நீரிணை ஆழம் குறைந்தது என்பதால், ஒலி சற்று வலுவிழந்தாலும் பாதகமில்லை.

ஒட்டுவதற்கு முன் உட்புறப் பெயின்டை முழுவதும் சுரண்டிவிட வேண்டுமா? குமிழி வெளியேற அவகாசம் தரும், மெதுவாக இறுகும் எப்பாக்ஸியே நல்லது என நினைக்கிறேன். இந்த வெயிலில் அதை எந்த நேரத்தில் ஊற்றுவது? ஒட்டாமல், குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து அதில் எண்ணெய் நிரப்பி டிரான்ஸ்டியூசரை மூழ்கவைத்தவர்கள் இருந்தால், அலையில் எண்ணெய் கசிந்ததா என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.