பென்டிரைவ் ‘கரப்ட்’ ஆயிட்டுன்னா தமிழ்ல என்னன்னு எழுத?

ஆலங்குளம் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். லேப் சுவத்துல ஒட்ட ஒரு பக்கம் எழுதுதேன், திங்கக்கிழமை பிரிண்டுக்குப் போகணும். பென்டிரைவ சொருகுனதும் ‘ஃபார்மட் பண்ணட்டுமா’ன்னு கேக்கும்லா, பிள்ளைங்க சரின்னு அமுக்கிருதுங்க, போன வாரம் ஒரு பிளஸ் டூ பிள்ளையோட புராஜக்ட் பூரா அப்படித்தான் போச்சு. பழைய தாள்ல நான் ‘கெட்டுப்போன பென்டிரைவ்’னு எழுதிருந்தேன், கெட்டது கெட்டாச்சேன்னு நெனச்சுத்தான் அமுக்கிருக்கா, எனக்கு மனசே ஆறல. வேற சொல் வேணும். ‘கரப்ட் ஃபைல்’னு மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேர்ல போட்டா ‘ஊழல் கோப்பு’ன்னு வருது.

அம்பாசமுத்திரம் ஐயா:
ஊழல தள்ளிராதீங்கம்மா. ஊழ்த்தல்னா பதனழியறது, முத்தி அழுகுறது. லஞ்சம்ங்கிற பொருள் பொறவு வந்து ஒட்டுனது. ‘ஊழ்த்த கோப்பு’ன்னு தாராளமா எழுதலாம்.

பாளையங்கோட்டை அக்கா:
ஐயா, 650ஆவது குறள்ல ‘இணரூழ்த்தும் நாறா மலரனையர்’னு வருதே, அங்க ஊழ்த்தல்னா மலர்றதுல்லா? பூத்த கோப்புன்னு ஆயிராதா?

அம்பாசமுத்திரம் ஐயா:
ரெண்டும் ஒரே வேர்தான். ஊழ்னா முறை. அரும்பு மலர்றதும் முறை, கனி முத்தி அழியறதும் முறை, விதிக்கு ஊழ்னு பேர் வந்ததும் அந்த வழியிலதான், இன்னும் சொல்லப்போனா ஊழிங்கிற சொல்லையும் இதோட வச்சுப் பாக்கணும்...

தென்காசி தம்பி:
ஐயா மன்னிக்கணும், கடையில தெனம் பாக்குறத சொல்லிருதேன். ‘பென்டிரைவ் செத்துட்டு’ன்னு வாறதுல பாதிக்கு சாவே கெடையாது. முன்பக்க போர்ட்டோ ஹப்போ லூசா இருக்கும், நேரா பின்பக்கம் சொருகுனா வந்துரும், இல்லன்னா வேற மெஷின்ல போட்டுப் பாக்கணும். அதுக்கும் வரலன்னா விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்னு இருக்குல்லா, அதுல பாருங்க. 16 ஜிபிக்கு 14 சொச்சம் காட்டி, ஃபைல் சிஸ்டம் மட்டும் ‘ரா’ன்னு இருந்தா, அதாவது ஃபைல அடுக்கி வச்சிருக்கிற முறை விண்டோஸுக்குப் புரியலன்னா, சரக்கு உள்ளதான் இருக்கு, காப்பி ஓடிட்டு இருக்கும்போதே புடுங்குனா இப்படி ஆகும், ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு வேற டிஸ்க்குக்கு எடுத்த பொறவுதான் ஃபார்மட்டு, டிஸ்க்ல தப்பு பாத்துத் திருத்துற செக்டிஸ்க் கூட அதுக்குப் பொறவுதான். ‘நோ மீடியா’ன்னு வந்தா பெரும்பாலும் கன்ட்ரோலரோ மெமரி சிப்போ போயிட்டு, நம்மால ஏலாது. டீச்சர், இது எல்லாத்துக்கும் ஒரே சொல்ல போட்டுறாதீங்க.

பாளையங்கோட்டை அக்கா:
தம்பி சொன்ன ‘ரா’வுக்கு வேண்டிய சொல் கோப்புக்குள்ளயே இருக்கு. கோத்தது கோப்பு. ஃபைல் உள்ள துண்டு துண்டாத்தான் இருக்கும், இந்தத் துண்டுக்கு அடுத்தது எதுன்னு ஃபாட் அட்டவணைதான் சொல்லுது. மாலைக்கு நார் மாதிரி. நார் அறுந்தா மாலை குலைஞ்சிட்டும்போம், பூ அங்கனயே கெடக்கும். ‘கோப்புக் குலைவு’ன்னு வைங்க. கெட்டுப்போச்சுன்னா தூரப் போடத் தோணும், குலைஞ்சிட்டுன்னா பொறுக்கிச் சேக்கலாமேன்னு பிள்ளைக்குத் தோணும்.

வள்ளியூர் அண்ணாச்சி:
எங்க பக்கம் குலைன்னா வாழைக்குலைதான் முதல்ல ஞாபகம் வரும். அப்புறம், பென்டிரைவுக்கு ‘விரலி’ன்னு நல்ல சொல் இருக்கே, அதை ஏன் யாரும் எழுத மாட்டேங்கீங்க?

ஆலங்குளம் டீச்சர்:
இங்க வாழைத்தார்னுதான் சொல்லுவோம் அண்ணாச்சி, அதனால குலைவு குழப்பாது. விரலின்னா பிள்ளைங்களுக்கு மஞ்சள்தான் தெரியும், பலசரக்குக் கடையில விரலி மஞ்சள்னுதானே கேக்கோம்.

அம்பாசமுத்திரம் ஐயா:
எழுதும்போது றகரம் போட்டுட்டா ஆற்றுப்படைப் பாட்டுல வாற ஆடல்மகள் விறலி ஆயிருவா, அதையும் பாத்துக்கிடணும். ஆனா குலைவுல எனக்கு ஒரு தடை. நார் அறுந்தது சரி. பூவே அழுகிட்டுன்னா? ஃபைல் திறக்குது, ஆனா உள்ள எழுத்து மாறி இருக்கு, படத்துல பாதி சாம்பலா இருக்கு. அங்க எது குலைஞ்சது?

தென்காசி தம்பி:
ஐயா கேக்கது நெசம்தான். ரொம்பத் தேஞ்ச பென்டிரைவ வருசக்கணக்கா பீரோவுல போட்டு வச்சா மெமரி சிப்புல நிக்கிற மின்னூட்டம் கசிஞ்சு உள்ள இருக்கிற தகவலே மாறிரும். அட்டவணை சரியாத்தான் இருக்கும்.

அம்பாசமுத்திரம் ஐயா:
அதுக்குத்தான் ஊழ்த்தல்.

பாளையங்கோட்டை அக்கா:
ஐயா, எட்டாங்கிளாஸ் பிள்ளை அத வாசிச்சு என்னன்னு புரிஞ்சுக்கிடும்? ‘சிதைவு’ன்னா ஓரளவு புரியும்.

அம்பாசமுத்திரம் ஐயா:
சிதைவு உடைசலுக்குத்தாம்மா. நான் ஒத்துக்கிட மாட்டேன்.

ஆலங்குளம் டீச்சர்:
பிரிண்டுக்குக் குடுத்துட்டேன். ‘கோப்புக் குலைவு: ஃபார்மட் கேட்டால் வேண்டாம் என்று அமுக்கு, டீச்சரைக் கூப்பிடு’ன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. ஐயா சொன்ன ரெண்டாவது வகைக்கு இப்போதைக்கு ‘கரப்ட்’னே இருக்கு. அடுத்த டேர்ம்ல தாள மாத்துவேன், அதுக்குள்ள யாராச்சும் சொல்லுங்க.