நல்லிணக்கக் கூட்டம் போடுகிறோம், நிஜமான பேச்சு எப்படி வரும்?

மாயூரத்தான்:
எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். தேரோடும் வீதியிலேயே பள்ளிவாசல், அடுத்த தெருவில் மாதா கோயில். போன வருஷம் சாமி புறப்பாடு சரியாக மஃரிப் (அந்தி) தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைத் தாண்டியது. மேளத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று கிளம்பிய வாய்த்தகராறு கைகலப்பு வரை போய்விட்டது. அப்புறம் சமய நல்லிணக்கக் கூட்டம் போட்டோம். கோயில் குருக்கள், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத், ஃபாதர், ஒரு தமிழ்ப் பேராசிரியர் என நான்கு பேரும் மேடையில். பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு இருபது நிமிஷம் அன்பைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினார்கள். மேளத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இந்த வருஷமும் நடத்தச் சொல்கிறார்கள். அதே மாதிரி நடத்த எனக்கு மனசில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாகூர்வாசி:
தம்பி, முதலில் மேடையையும் மைக்கையும் விடுங்கள். எங்கள் நாகூர் தர்காவின் பெரிய மினாரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. எந்தக் கூட்டத்திலும் இதைச் சொல்வோம், எங்களுக்கு அது பெருமைதான், ஆனால் உங்கள் தெருவில் மேளம் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

நான் இருந்த ஒரு பேச்சு தேங்காய் மண்டியின் பின்கட்டில் நடந்தது. குருக்கள் பஞ்சாங்கத்தோடு வந்தார், ஹஜ்ரத் பிறைக் காலண்டரோடு வந்தார். மூன்றாம் பிறை பார்த்தால் விசேஷம் என்று எங்கள் பாட்டி வாசலில் நிறுத்திக் காட்டுவாள் என்று குருக்கள் சொல்ல, நாங்களும் பிறைக்காக மொட்டைமாடியில் கழுத்து வலிக்க நிற்போமே என்று ஹஜ்ரத் சிரித்தார். அதற்கப்புறம்தான் பேச்சே வந்தது. பிறையை வைத்து எண்ணும் ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள்தான், அதனால் எங்கள் விசேஷங்கள் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். எந்த வருஷம் எது எதோடு மோதும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். நான்கு வருஷத் தேதிகளை ஒரே தாளில் எழுதி, மோதுகிற நாட்களுக்கு அன்றைக்கே நேரம் பேசி முடித்தார்கள்.

தரங்கை டீச்சர்:
பாய் சொல்வது சரி. ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க வைப்பதுதான் முக்கியம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இங்குள்ளவர்களிடம் கேள்விகள் கேட்டுக் கடிதமாகப் பதில் வாங்கினார், அவை ஜெர்மன் மொழியில் அச்சாயின. நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய நூலை அச்சிட அவருடைய மேலிடமே மறுத்துவிட்டது, 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. காது கொடுத்துக் கேட்பவருக்குச் சொந்த ஆட்களிடமிருந்தே எதிர்ப்பு வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

மாயூரத்தான்:
நன்றி டீச்சர். ஆனால் கேள்வி கேட்கப் போய் மனசு புண்பட்டு, இருப்பதும் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

குத்தாலத்துக்காரர்:
பயம் நியாயமானதுதான். அதனால் 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்' என்று ஆரம்பிக்காமல், 'இது உங்களுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்கச் சொல்லுங்கள். குன்றக்குடி அடிகளார் இங்கே தருமபுரம் ஆதீனத்தில் தம்பிரானாக, அதாவது மடத்துத் துறவியாக, இருந்தவர். 1982-இல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தபோது அங்கே போய் சமாதானத்துக்குப் பாடுபட்டார். காவி கட்டியவர் நேரில் வந்து நிற்பதற்கு ஒரு கனம் உண்டு. ஆனால் உங்கள் ஊரில் சண்டை போட்டது குருக்களும் ஹஜ்ரத்துமா? இல்லையே, இருபது வயசுப் பையன்கள். மேளக்காரர்களையும் அந்தப் பையன்களில் நாலு பேரையும் கூப்பிடாமல் பெரியவர்கள் மட்டும் பேசினால், பேசியது அந்த அறையோடு நின்றுவிடும். மஃரிப் கூட்டுத் தொழுகை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று தவில்காரருக்குத் தெரிந்தால் போதும், அவரே நேரத்தைப் பார்த்து வாசிப்பார்.

மாயூரத்தான்:
ஐயா, இன்று சாயங்காலம் இரண்டு பேரையும் பார்த்தேன். குருக்கள் ஞாயிற்றுக்கிழமை பஞ்சாங்கத்தோடு வருகிறேன் என்றார். ஹஜ்ரத் அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு அப்புறம் உட்காரலாம் என்றார், ஃபாதர் தன் வீட்டுத் திண்ணையில் இடம் தருகிறார். தவில்காரரிடம் நாளைக்குக் காலையில் போய்ச் சொல்கிறேன். பையன்களில் இரண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள், மற்ற இரண்டு பேர் இன்னும் பிடிகொடுக்கவில்லை.