புதுப்பிப்பு: எங்கள் வீரனும் லண்டன் பயணமும்

நாங்கள் லண்டனுக்குக் குடிபோகும்போது மட்டக்களப்பு கல்லடி வீட்டு நாய் வீரனையும் கொண்டுபோக, கையிலிருக்கும் விசர்நாய்த் தடுப்பூசி அட்டை போதுமா என்று நாலு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். போதாது.

காரணம் சின்னதுதான். முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அதன் பிறகுதான் ஊசி. நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம். சிப்புக்கு முன் போட்ட ஊசி பிரித்தானியக் கணக்கில் போடாத ஊசிதான். சரி என்று சிப் வைத்து, ஊசியையும் திரும்பப் போட்டோம். ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க, 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். இரத்தத்தில் ஒரு மில்லிலீட்டருக்குக் குறைந்தது 0.5 அலகு எதிர்ப்புச் சக்தி வேண்டும், வீரன் தாண்டிவிட்டான். காத்திருப்பு தேவையில்லை என்று பிரித்தானியா வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முடிவு வந்த நாளிலிருந்து என்று நினைத்துப் பயந்திருந்தேன், நல்லகாலம்.

இனி இருப்பது நாடாப்புழு மருந்து. லண்டனில் இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் மிருக வைத்தியர் கொடுத்து, சான்றிதழில் பதிய வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கே ஒரு பகல் போய்விடுமே, அதனால் கொழும்பிலேயே கொடுக்கப்போகிறோம். விமானத்தில் அவன் சரக்காகத்தான் போவான், எங்களோடு உட்கார முடியாது.

எல்லாம் சரியாக இருந்தால் தனிமைப்படுத்தல் இல்லை. இப்போதைக்குக் கூண்டுக்குள் படுத்துப் பழகுகிறான். அம்மா பொரித்த மீன் வைத்தால் மட்டும்.