தில்லையின் பெண் மரம் எங்கே இருக்கிறது? உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. என் தங்கச்சி தாவரவியல் படிக்கிறாள். 1880இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்து, இலங்கைத் தாவரங்களை வகைப்படுத்தி, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து எழுதிய ஹென்றி டிரைமன் மாதிரி வேலை செய்ய அவளுக்கு ஆசை. எனக்கும்தான்.

இப்போது மட்டக்களப்பு வாவிக்கரையில் உவர்நீரில் வளரும் கண்டல் தாவரங்களைத் தாள்களுக்கிடையே அழுத்திக் காயவைக்கிறாள். அவற்றில் தில்லை என்ற மரத்தில்தான் சிக்கல். ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு மரத்தில் வரும். கல்லடிப் பக்கம் கிடைத்ததெல்லாம் நீண்டு தொங்கும் ஆண் கதிர்கள். வாழைச்சேனை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் பெண் மரம் கண்டவர்கள் இடத்தை மட்டும் சொல்லுங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம், பால் பட்டால் கண்ணுக்கு ஆபத்து.

அப்புறம், தாவர வகைப்பாட்டில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் அவளோடு கொஞ்சம் பேசுவீர்களா? உள்பெட்டியில் எழுதுங்கள்.