போர்ஷே 944: சூடானதும் ஐடில் நிற்கவில்லை

1987 மாடல் கார், 2.5 லிட்டர், 8 வால்வு, மேனுவல் கியர். கனடாவில் ஸ்கார்பரோவில் ஓட்டுகிறேன். குளிர்காலம் முடிந்து ஏப்ரலில் வெளியே எடுத்ததிலிருந்து இந்தத் தொல்லை.

காலையில் முதல் சாவியிலேயே கிளம்புகிறது. பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடானதும் சிக்னலில் நின்றால் போதும், ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, 840 பக்கம் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் 500க்கும் 1,200க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. கியர் லீவர் கையில் அதிர்கிறது. சில நேரம் அணைந்தே போகிறது.

பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் எல்லாம் புதிது. இன்ஜெக்டர்களை அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்தாயிற்று. ஐடில் வேகத்தைச் சீராக வைக்கும் வால்வு இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருப்பதால் அதைக் கழற்றிக் கழுவவே ஒரு ஞாயிறு போனது. புகை விட்டுப் பார்த்தேன், காற்றுக் கசிவு இல்லை. ஃப்யூவல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றினால் பிரஷர் 2.5 பார், அதுவும் சரி. ஆனால் எஞ்சினை நிறுத்திய பத்து நிமிடத்தில் அது பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுகிறது.

அப்புறம் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே அதன் தொடுமுள் உரசி நகரும் கரித்தடத்தில், ஐடிலில் அந்த முள் உட்காரும் இடத்தில் மட்டும் நகக்கீறல் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது.

இந்தத் தேய்மானம் ஒன்றே ஐடிலை இப்படி ஆட்டுமா, இல்லை பிரஷர் இறங்குவதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமா?